நாயகன் இல்லாத பக்கங்கள்

ஜனவரி 6

அன்புள்ள வாயாடிக்கு,

நானும் உன் அண்ணியும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன், லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் படியேறித்தான் ஆகவேண்டும் என்பதால் முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. உன் உடம்பு, சித்தியின் உடம்பு எப்படி? போனில் கேட்கலாம்தான். ஆனால் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. காகிதம் என்றால் நீ திட்டுவது வந்து சேர ஒரு வாரமாவது ஆகும்.

விஷயம் இதுதான். என் நாவலை ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டது! பன்னிரண்டு வருஷமாக, மொட்டைமாடிக்கும் மேலே லிஃப்ட் மோட்டார் ரூமில், எண்ணெய் நாற்றத்தில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்து நான் எழுதியதை இன்னொருத்தர் முழுக்கப் படித்திருக்கிறார். எடிட்டரம்மா என்னைவிட இருபது வயது சின்னவர். "சார், நெஜமாவே அழுதுட்டேன்" என்றார். அதே மூச்சில், "ஆனா எழுநூத்திப் பன்னெண்டு பக்கம் போட முடியாது. முந்நூறுக்குள்ள கொண்டு வாங்க, போடலாம்" என்றார்.

ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அப்பா, வீட்டைவிட்டு ஓடிப்போகிற பையன், இந்த இரண்டு பேர்தான் கதையாம். மற்றவர்கள் எல்லாரும் கூட்டமாம். எண்ணிப் பார்த்தேன், அந்தக் கூட்டத்தில் முப்பத்தொன்பது பேர். நீ இருக்கிறாய், சித்தி இருக்கிறார்கள். எனக்கு ஐம்பத்தேழு வயதாகிறது. இதை விட்டால் இன்னொரு பதிப்பகம் வருமா என்று தெரியவில்லை. வெட்டவும் மனம் வரவில்லை. நாலு நாளாக ஒழுங்கான தூக்கமில்லை. உனக்கு அனுப்பிய டைப் பிரதி இருக்கிறதல்லவா? ஒரு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு உன் மனதில் பட்டதை எழுது.

சித்தியிடம் சொல். சந்தோஷப்படுவார்கள்.

அன்புடன்
அண்ணன்


ஜனவரி 17

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். லென்ஸ் அறுக்கிற மெஷினை ஓடவிட்டபடி நான் அழுததைப் பார்த்து, கண்ணில் தூள் தெறித்துவிட்டதோ என்று முதலாளி பதறிப்போனார். நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம். அம்மாவுக்கு லேசாக மறதி, வயசானால் வருவதுதான். நீ இன்னும் சித்தி சித்தி என்றே எழுதுகிறாய். பெற்றவள் போனபோது உனக்கு எட்டு வயசு, எனக்கு இரண்டு. உனக்கு ஞாபகத்தில் இருக்கிற முகம் எனக்கு இல்லை. எனக்கு அம்மா இவள்தான்.

வெட்டு அண்ணா, யோசிக்காதே. எழுநூறு பக்கத்தை யார் படிப்பார்கள்? தலைக்கு வைத்துத் தூங்கலாம். நான் தினமும் இதைத்தானே செய்கிறேன்! லென்ஸ் பெரிசாகத்தான் வரும், ஃப்ரேமுக்குத் தக்கபடி ஓரத்தை அறுத்துத்தான் பொருத்தவேண்டும்.

யாரை வெட்டுவது என்று கேட்டால், முதலில் அந்த வீட்டுக்காரம்மாவை வெட்டு. தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவளுக்கு உன் நாவலில் எதற்கு முப்பது பக்கம்? நீ ஓடிப்போய் மூன்றாம் நாள் மத்தியானம் திரும்பி வந்து வாசலில் நின்றபோது, மாடி ஜன்னலிலிருந்து, "இங்க உனக்குன்னு யாரும் இல்ல, போ" என்று சொல்லி உன்னை விரட்டினாளே. அந்த ஒரு வாக்கியத்தால் ஆறு வருஷம் நீ எங்கே இருந்தாய் என்றே எங்களுக்குத் தெரியாது. அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க உனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவள் வீட்டில் நாம் வாடகை கொடுத்து இருந்தோம். உன் புத்தகத்தில் அவள் ஓசியில் இருக்கவேண்டாம். வெளியே அனுப்பு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் கை வைக்காதே. சாயந்தரம் அம்மாவுக்கு நான் படித்துக் காட்டுவது அதைத்தான். அவளுக்கு அது அவ்வளவு பிடித்திருக்கிறது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


பிப்ரவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

இரண்டு பேரும் நலமென்று அறிந்து நிம்மதி. நீ சொன்னபடி ஒப்புக்கொண்டேன், வெட்டத் தொடங்கிவிட்டேன். இப்போது சாப்பிடும்போதுகூட யாரைப் பார்த்தாலும் இவர் தேவையா என்று மனம் கேட்கிறது. உன் அண்ணி தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

எடிட்டரம்மா ஒரு சட்டம் போட்டிருக்கிறார். பையன் இல்லாத பக்கமெல்லாம் வெளியே. பையன் கண்ணால் பார்ப்பது, காதால் கேட்பது மட்டும் இருக்கட்டும் என்கிறார். சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதுதான் தொல்லை. ஷெட்டில் ஆம்புலன்ஸ் கழுவுகிற ஆள் இருந்தாரே, அவருக்குப் பழைய பிரதியில் ஒரு மகள் இருந்தாள், ஒரு பாட்டு இருந்தது, ஸ்ட்ரெச்சரில் படிந்த ரத்தத்தைக் கழுவும்போது மட்டும் பாடமாட்டார் என்று ஒரு பக்கம் இருந்தது. இப்போது பையனிடம் சாவியை நீட்டுகிற ஒரு கை மட்டும் மிச்சம். கணக்கு வாத்தியாரையும் ஹெட்மாஸ்டரையும் ஒரே ஆளாக்கிவிட்டேன். ஒருத்தர் பிரம்பும் இன்னொருத்தர் இருமலும் ஒரே ஆளுக்கு. யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

வெட்ட வெட்ட ஒன்று புரிகிறது. ஒரு ஆள் செய்த காரியத்தை எடுக்க முடியாது, கதைக்கு அது வேண்டும். ஏன் செய்தார் என்பதைத்தான் எடுக்க முடிகிறது. அப்பாவைப் பார்த்துக் கத்துகிற நர்ஸ் இருக்கிறாளே, அவள் மூன்று ஷிஃப்ட் தொடர்ந்து நின்றவள் என்பது போய்விட்டது. கத்தல் மட்டும் அப்படியே இருக்கிறது. நேற்று அந்தப் பக்கத்தைப் படித்தேன், எனக்கே அவள்மேல் எரிச்சல் வந்தது.

பத்தொன்பதில் பையன் ஒரு வரியில்கூட இல்லை. பார்க்கிறேன். என்னால் முடிந்தவரை பேசிப் பார்க்கிறேன்.

அன்புடன்
அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நன்றாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

அந்த அத்தியாயத்தில் நீ இல்லை என்பது குறையா? நீ இல்லாததால்தானே அதெல்லாம் நடந்தது! அப்பா சாப்பிடப் போன நேரம் பார்த்து நீ ஆம்புலன்ஸை எடுத்துச் சிநேகிதர்களோடு சைரன் போட்டு ஊர்வலம் போனாய். அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். நீ பயந்து ஓடினாய். அவர் தினமும் ஆபீஸ் வாசலில் போய்க் கெஞ்சிக்கொண்டு நின்றார். உன்னைத் தேடியது அம்மா மட்டும்தான். மூன்று நாள், காலையிலிருந்து இருட்டும்வரை. கூட நான், ஒன்பது வயசு.

உன்னுடைய தனிப் படம் எதுவும் நம்மிடம் இல்லை. பள்ளிக்கூட குரூப் போட்டோவைச் சட்டத்தோடு சுவரிலிருந்து கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். பஸ் நிலையம், மார்க்கெட், பாலத்தடி என்று பார்த்த ஆளிடமெல்லாம் நீட்டி, "மூணாவது வரிசைல இடது கோடி, இவன்தான், இவனைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். செருப்பு அறுந்ததும் என் தலை ரிப்பனை உருவிக் கட்டிக்கொண்டாள். போலீஸ் ஸ்டேஷனில் ஒருத்தர், "சொந்தப் பிள்ளையாம்மா?" என்று கேட்டார். "பிள்ளையக் காணோம்னு சொல்றேன். நீங்க எழுதுங்க" என்றாள். மூன்றாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் என்னை நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே போனாள். வந்து குழாயில் முகம் கழுவினாள். "அங்க இல்ல. நட" என்றாள். அதே மத்தியானம்தான் நீ வீட்டு வாசலில் நின்றாய்.

இதை அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாளா? நான் சொல்லித்தானே உனக்கே தெரியும். வேறு யாரை வேண்டுமானாலும் வெட்டு. என்னை வெட்டு, எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் அந்த அத்தியாயம் இல்லையென்றால் உன் நாவலில் அவள் யார்? பையன் சாப்பிடாமல் கோபித்துக்கொள்கிற பக்கத்தில் தட்டு வைத்துவிட்டுப் போகிறவள். உப்புக்குச் சப்பாணி.

பதில் போடு.

தங்கை


ஏப்ரல் 3

அன்புள்ள வாயாடிக்கு,

ஆறு வாரமாகப் பதில் போடாததற்கு என்னை நீ திட்டலாம். இங்கே அனைவரும் நலம். சித்தியின் மறதி எப்படி இருக்கிறது? தூக்கம் ஒழுங்காக வருகிறதா?

போராடினேன், நம்பு. பத்தொன்பதாம் அத்தியாயத்தின் முப்பத்தொரு பக்கத்தைப் பதினைந்தாக்கினேன். எடிட்டரம்மா, "நல்லா இருக்கு சார், ஆனா கதை நின்னுடுது" என்றார். ஆறாக்கினேன். "இந்த இடத்துல வாசகர் பையனோட ஓடிட்டு இருக்கார், இங்க கூப்பிட்டா வரமாட்டார்" என்றார். கடைசியில் நாலு வரி நின்றது. அந்த நாலு வரி அந்தரத்தில் தொங்குவதுபோல இருந்ததால் அதையும் நானே எடுத்துவிட்டேன். அன்று மோட்டார் ரூமிலிருந்து இறங்கி வர மனமில்லை. சூப்பர்வைசர் போன் செய்து, "உயிரோட இருக்கியாப்பா?" என்று கேட்டார்.

உனக்கு ஒரு சந்தோஷமான செய்தி. உன் ஆசைப்படி வீட்டுக்காரம்மாவைக் காலி செய்துவிட்டேன். பூட்டு, சாவி, முப்பது பக்கம், எல்லாம் போயிற்று. ஜன்னல் வாக்கியத்தை மட்டும் விட முடியாது. அது இல்லாவிட்டால் பையன் திரும்பிப் போகமாட்டான், பின்பாதியே கிடையாது. அதை வேறு வகையில் சமாளித்துவிட்டேன்.

இருநூற்றுத் தொண்ணூற்றாறு பக்கம் நிற்கிறது. அச்சுக்குப் போகிறது. கோபப்படாதே.

அன்புடன்
அண்ணன்


மே 21

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை. கடையில் வேலை அதிகம், வீட்டிலும் அப்படித்தான். காலையில் கிளம்பும்போது கேஸ் அடுப்பின் குமிழ்களைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போகிறேன், ஒரு முன்ஜாக்கிரதைக்கு. பக்கத்து வீட்டு டெய்லரக்கா மத்தியானம் ஒருமுறை வந்து எட்டிப் பார்க்கிறாள். மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை.

அத்தியாயம் போனதில் எனக்கு வருத்தம்தான். எழுதுகிறவன் நீ, உனக்குத் தெரியாததா. டைப் பிரதி என்னிடம் இருக்கிறது. சாயந்தரம் வழக்கம்போல் அதைப் படித்துக் காட்டுகிறேன்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஆகஸ்ட் 12

அன்புள்ள வாயாடிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். மே மாதக் கடிதத்துக்கு அப்புறம் உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை.

புத்தகம் வந்துவிட்டது! கையில் வாங்கி முகர்ந்து பார்த்தேன். உன் அண்ணி சிரிக்கிறாள். இதோடு இரண்டு பிரதி அனுப்பியிருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று சித்திக்கு, கையெழுத்துப் போட்டு. போன ஞாயிறு ஒரு நூலகத்தில் கூட்டம் வைத்தார்கள். நாற்பது பேர் இருக்கும். பையன் வாசலில் நிற்கிற இடத்தை வாசித்தேன். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதெல்லாம் நிஜமா என்று ஒருத்தர் கேட்டார். எல்லாம் எனக்கு நடந்ததுதான் என்றேன். பத்திரிகை ஒன்றிலும் மதிப்புரை வந்திருக்கிறது, கத்தரித்து வைத்திருக்கிறேன். ஐம்பத்தேழு வயதில் ஒரு மனிதனுக்கு இப்படிக்கூட வெட்கம் வருமா என்று எனக்கே ஆச்சரியம்.

படித்துவிட்டு எழுது. சித்தி என்ன சொன்னார்கள் என்பதையும் எழுது.

அன்புடன்
அண்ணன்


ஆகஸ்ட் 25

அண்ணா,

நூற்று நாற்பத்தெட்டாம் பக்கம்.

முதலில் அச்சுப் பிழை என்று நினைத்தேன். மறுபடி படித்தேன். பையன் மூன்றாம் நாள் மத்தியானம் வந்து கதவைத் தட்டுகிறான். உள்ளே தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது, ஆனால் கதவு திறக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து அவனுடைய சித்தி, "இங்க உனக்குன்னு யாரும் இல்ல, போ" என்கிறாள்.

நீ சமாளித்த வேறு வகை இதுதானா? அந்த வாக்கியத்துக்கு ஒரு வாய் வேண்டும், வீட்டுக்காரியை வெளியே அனுப்பிவிட்டாய், மிச்சம் இருந்த பொம்பளை வாய் இவளுடையது. ஊரெல்லாம் அவள் உன்னைத் தேடி நடந்ததை அழித்துவிட்டு அவளை வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டாய். வீட்டுக்காரியை வெட்டச் சொன்னது நான்தான். அதை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை. அம்மாவுக்கு வந்திருப்பது லேசான மறதி இல்லை. போன வருஷமே டாக்டர் சொல்லிவிட்டார். நீ நாவல் முடிக்கிற நேரத்தில் உன்னை ஏன் கலைக்கவேண்டும் என்று சொல்லாமல் இருந்தேன். காலையில் நடந்தது சாயந்தரம் அவளுக்கு இல்லை. சில நாள் நான் யாரென்று யோசிக்கிறாள். பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் தினமும் கேட்டாள் என்றேனே, தினமும் அவளுக்கு அது புதுசு. படித்து முடித்ததும், "நானா இவ்வளவு தூரம் நடந்தேன்?" என்பாள். "ஆமாம்மா, நானும் கூட வந்தேன்" என்பேன். அன்று இரவு நன்றாகத் தூங்குவாள்.

அவளுக்கு அனுப்பிய பிரதியைத் துணிப் பீரோவில் ஒளித்துவைத்திருக்கிறேன். அடுத்த பதிப்பு வருமோ வராதோ, அந்தப் பக்கத்தை மாற்று. எடிட்டரிடம் பேசு. உடனே.

தங்கை


செப்டம்பர் 14

அன்புள்ள தங்கைக்கு,

சித்தியின் நிலைமையைப் படித்து உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவையும் நீ ஒருத்தியாகச் சுமந்திருக்கிறாய். முன்பே சொல்லியிருக்கலாம். டாக்டர் என்ன மருந்து கொடுத்திருக்கிறார் என்று எழுது. இங்கே ஒரு பெரிய டாக்டரிடம் விசாரிக்கிறேன்.

பக்கத்தை மாற்றுவது பற்றி. இரண்டு வாரம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், கோபப்படாமல் படி. சித்திதானே அப்படிச் சொன்னார்கள்? கண்ணை மூடினால் அந்தக் கதவு தெரிகிறது, பச்சைப் பெயின்ட், தாழ்ப்பாள் சத்தம், அவர்கள் குரல். மூன்று கூட்டத்தில் வாசித்துவிட்டேன், ஒவ்வொரு தரமும் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஜன்னலில் வீட்டுக்காரம்மா நின்றதாக நினைத்துப் பார்க்கிறேன், முகம் வரவில்லை. முதல் பிரதியில் ஒருவேளை சித்தியைக் காப்பாற்றத்தான் பழியை அவள்மேல் போட்டேனோ என்று தோன்றுகிறது.

எனக்கு அவர்கள்மேல் வருத்தம் எதுவும் இல்லை. எப்போதோ மன்னித்தாகிவிட்டது. அப்பாவுக்கு வேலை போன கோபம், சின்ன வயசு, பெற்ற பிள்ளையும் இல்லை. அந்தச் சமயம் யாராக இருந்தாலும் வார்த்தை தடித்திருக்கும். நீ அவர்கள்மேல் உயிரையே வைத்திருக்கிறாய், அதனால் உன்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனால் வாசலில் நின்றவன் நான். நீ அந்த இடத்திலேயே இல்லை. யார் சொன்னது என்று உனக்கு எப்படித் தெரியும்?

சித்திக்கு என் வணக்கம். ஒன்றும் சொல்லவேண்டாம்.

அன்புடன்
அண்ணன்


அக்டோபர் 2

அண்ணா,

நான் அந்த இடத்தில் இல்லை, வாஸ்தவம்தான். பிணவறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என்னை அங்கே கூட்டிப்போனவள் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் எப்படி இருந்திருப்பாள்? நீயே எழுதியதுதான், டைப் பிரதியின் பக்கங்களை இதோடு வைத்திருக்கிறேன். ஆறு வருஷம் கழித்து நீ திரும்பி வந்த அன்று, எங்களிடம் உன் வாயால் சொன்னதும் வீட்டுக்காரம்மா என்றுதான். அம்மா அதைக் கேட்டுவிட்டு உனக்குப் படுக்கை விரித்தாள். அதுவாவது ஞாபகம் இருக்கிறதா? அவளுக்கு மறதி வந்ததற்கு டாக்டர் ஒரு பெயர் சொல்கிறார். உன்னுடையதற்கு என்ன பெயர்?

நான் எழுத வந்தது சண்டைக்காக இல்லை. போன மாதம் பீரோவைக் கிளறிப் புத்தகத்தை எடுத்துவிட்டாள். எதையெல்லாமோ மறக்கிறவள், பெரியவன் புத்தகம் எழுதியிருக்கிறான் என்பதை மட்டும் விடவில்லை. நான் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்கிறாள். படித்ததை மறந்து மறுபடி படிக்கிறாள். அந்தப் பக்கத்தை மட்டும் மறக்கவில்லை. அதில் காகிதத்தை மடித்து அடையாளம் வைத்திருக்கிறாள்.

"நீ சொல்லலம்மா, நீ வீட்லயே இல்ல" என்று தலைதலையாக அடித்துக்கொள்கிறேன். பழைய அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். "அது டைப் அடிச்சது. இது அச்சுல வந்தது. தப்பா இருந்தா அச்சுல போடுவாங்களா?" என்றாள். இப்போது பத்தொன்பதாம் அத்தியாயத்தை எடுத்தாலே, "யாரோ நல்ல பொம்பளை" என்கிறாள்.

நேற்று முழுக்க உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதினாள். போடாவிட்டால் சாப்பிடமாட்டேன் என்கிறாள். நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை. இதோடு இருக்கிறது.

தங்கை


பெரியவனுக்கு,

நீயும் மருமகளும் சுகமா இருக்கணும். நான் நல்லா இருக்கேன். உன் தங்கச்சி என்னைக் கவனமாப் பாத்துக்கறா.

நீ எழுதின புத்தகம் படிச்சேன். எழுத்து பொடியா இருக்கு, ஆனா படிக்க முடியுது. அப்பாவைப் பத்தி எழுதினது அப்படியே அவர்தான். எனக்குப் பெருமையா இருந்தது.

நீ வாசல்ல நின்னப்ப நான் கதவைத் திறக்காம உன்னைப் போன்னு சொல்லியிருக்கேன். எனக்கு அது நினைவுல வரல. வராட்டி நடக்கலன்னு ஆயிடுமா? எனக்கு இப்ப நிறைய நினைவுல வர்றதில்ல. உன் தங்கச்சி நான் சொல்லலன்னு சாதிக்கறா. பாசத்துல பொய் சொல்றா, பாவம். நீ படிச்சவன், யோசிச்சு எழுதியிருப்பே.

ஏன் அப்படிச் சொன்னேன்னு நானும் நாலஞ்சு நாளா நினைச்சுப் பாக்கறேன். உன்மேல எனக்குக் கோபம் வந்ததா ஞாபகம் இல்ல. ஒருவேளை நீ பெத்த பிள்ளை இல்லங்கற நினைப்பு எனக்குள்ள எங்கயாவது இருந்திருக்கும். இருந்திருந்தா அது தப்பு. அதனால நீ ஆறு வருஷம் கஷ்டப்பட்டே. அவர் உன்னைப் பாக்காமலே போனார். அந்தப் பாவம் என்னோடது. என்னை மன்னிச்சிடுப்பா.

ஒரு தரம் வந்துட்டுப் போ. சீக்கிரம் வா. நீ வரும்போது நான் உன்னை யாருன்னு கேட்டாலும் கேப்பேன். அதைப் போன்னு சொன்னதா எடுத்துக்காதே. உள்ள வந்து உட்காரு.

சித்தி